வழக்கமா வர்றதுதான்

மாப்ள,

நேற்றுக் காலை அடுப்படியிலிருந்து மருமகள் குரல் கொடுத்தாள். "மாமா, எலி செத்த நாத்தம் வருது. உங்களுக்கு வருதா?" படித்துக்கொண்டிருந்த பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினேன். அரிசி டின்னுக்குப் பின்னால் மூக்கை நீட்டி நன்றாக இழுத்துப் பார்த்தேன். குடலைப் புரட்டுகிற நாற்றம். "எனக்கும் வருதும்மா, நல்லா வருது" என்றேன். என் முகத்தில் இருந்த நிம்மதியையும் சிரிப்பையும் பார்த்து அவள் மிரண்டே போனாள். எலியைத் தூக்கிப் போட்டு, தரையைக் கழுவி, மதியச் சாப்பாடும் முடிந்த பிறகு, "மாமா எதுக்கு அப்பிடிச் சிரிச்சாரு" என்று என் மகனிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு உன்னைத் தெரியாது. அந்தப் பங்குனி மாதத்தில் நாம் வண்டிக்குள் எலி தேடிய கதையும் தெரியாது. அதனால் உனக்கே எழுத உட்கார்ந்தேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. தினமும் ஒரே வண்டியில் போகிறவனுக்கு எவன் கடிதம் எழுதுவான்?

நீ டிரைவர், நான் கண்டக்டர். பேரையூரிலிருந்து திருமங்கலம் வழியாக மதுரைக்கு ஓடிய அந்தத் தனியார் வண்டியில் எழுபதுகளில் ஒன்பது வருஷம் சேர்ந்து ஓடினோம். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. வேலைக்கு அதற்கு மேல் பேச்சு தேவையில்லை, ஆனாலும் வாய் ஓயாமல் பேசினோம். நீ வில்லாபுரம், நான் திருநகர். சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது. முதல் வாரத்திலேயே எனக்கு மாப்ள ஆகிவிட்டாய். அந்தக் கணக்கில் உன் மனைவி எனக்குத் தங்கச்சி ஆனாள்.

உன் தும்மல் அந்த ரூட்டுக்கே தெரியும். சீமைக்கருவேலம் பூக்கிற காலத்திலும் ஆடிக் காற்றிலும் காலையில் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாய். பத்து, பதினைந்து என்று போகும். பின் சீட்டில் இருக்கிறவர்கள் குழந்தை தும்மினால் சொல்வதைப் போல "நூறு, எரநூறு" என்று எண்ணிக்கொண்டே வருவார்கள். ஒருநாள் அது ஆயிரத்து எழுநூறில், அதாவது பதினேழாவது தும்மலில் வந்து நின்றது. ஒற்றைப்படையில் நின்றுவிட்டால் வண்டியை எடுக்கவே விடமாட்டார்கள். கல்லுப்பட்டிப் பெரியவர் ஒருவர், "டிரைவர் தம்பி, ஒத்தையா நிக்குதுப்பா, ஆகாது. இன்னொன்னு போட்டுட்டு எடு" என்பார். நீயும் சளைக்காமல் துண்டு நுனியைத் திரித்து மூக்கில் விட்டு இன்னொன்றை வரவழைத்துவிட்டு கியரைப் போடுவாய்.

அந்தத் தும்மலின் அங்கலட்சணம் எல்லாம் எனக்கு மனப்பாடம். இரண்டு கண்ணும் சிவக்கும். மூக்கிலிருந்து குழாய்த் தண்ணீர் மாதிரி தெளிவாகக் கொட்டும். மேலண்ணம் அரிக்கிறது என்று நாக்கால் தேய்த்து ஒரு சத்தம் போடுவாய். காய்ச்சல் இருக்காது. பத்து மணி வெயில் ஏறியதும் எல்லாம் போய்விடும், எதுவும் நடக்காத மாதிரி டீ கேட்பாய். ரொம்பவும் படுத்தினால் பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மெடிக்கல் கடையில் சின்ன மாத்திரை ஒன்று வாங்கித் தருவேன். அது தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதால் கடைசி டிரிப் முடிந்து வீட்டுக்குப் போய்த்தான் போடுவாய். அந்த விஷயத்தில் நீ கெட்டிக்காரன்.

நம் பக்கத்தில் மூக்குக்கு மேலே எது வந்தாலும் ஒரே பெயர்தான், நீர்க்கோவை. தும்மினாலும் நீர்க்கோவை, மண்டை இடித்தாலும் நீர்க்கோவை, முகம் வீங்கினாலும் நீர்க்கோவை. ஒரு பெயர் வைத்துவிட்டால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை பார். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு நாம் கொடுத்த விலையைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்தப் பங்குனியில் உனக்கு முதலில் வந்தது சாதாரணச் சளிக்காய்ச்சல். ஊரில் எல்லாருக்கும் வந்தது, எனக்கும் வந்தது. ஒரு வாரத்தில் விட்டது. எனக்கு விட்டது விட்டதுதான். உனக்கு இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டுத் திரும்ப வந்தது. திங்கட்கிழமை காலையில் "மண்டை கனக்குதுடா மாப்ள" என்றாய். தங்கச்சி நெற்றியில் சுக்குப் பத்துப் போட்டு அனுப்பியிருந்தாள். ராத்திரி நொச்சி இலை போட்டு ஆவி பிடித்ததாகவும் சொன்னாய். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை பேரையூரிலிருந்து திரும்பும்போது சொன்னாய். "வண்டிக்குள்ள எலி எதும் செத்துக் கெடக்காடா? நாத்தம் கொடலப் புடுங்குது."

எனக்கு எதுவும் தெரியவில்லை. அன்றைக்கு வண்டி மேலேயும் உள்ளேயும் கூடை கூடையாக மல்லிகைப் பூ, மதுரை மார்க்கெட்டுக்குப் போகிறது. ஈரத்துணி போட்டு மூடியும் வண்டி முழுக்க மணக்கிறது. ஆனாலும் நீ சொன்னால் சும்மா விடுவேனா? கல்லுப்பட்டியில் நிறுத்தி ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்தேன். பொம்பளைகளை எழுப்பி விட்டேன். டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்தேன். என்ஜின் மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டேன். பூக்கூடைக்காரர் ஒருவர் கோபப்பட்டார். "மல்லிகப்பூ ஏத்திக்கிட்டு வர்ற வண்டியில எலி நாத்தம்னா எப்பிடிய்யா? எங்க பூவுக்குப் பேரக் கெடுக்காத." எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "எனக்கு வருதுடா, சத்தியமா வருது" என்றாய். அன்றும் மறுநாளும் மூன்று தடவை தேடினோம். உன் பேச்சுக்காகத் தேடினேனே தவிர, உனக்கு மட்டும் ஏன் வருகிறது என்று என் களிமண் மண்டைக்கு உறைக்கவில்லை.

தேடும்போது உன் சீட்டுக்குப் பின்னால் கிடந்த துண்டை எடுத்து உதறினேன். அதில் மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டியாக ஒட்டியிருந்தது. "சீ, கருமம், இதத் தொவச்சுப் போடுடா" என்று உன் மடியில் எறிந்தேன். பார்த்தேன் மாப்ள. பார்த்துவிட்டு எறிந்தேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

புதன்கிழமை மதியம் பெரியார் நிலையத்தில் வண்டி எடுக்க நாலு நிமிஷம் இருந்தது. உனக்கு மாத்திரை வாங்க ஓடினேன். கடைக்காரர் நல்ல மனுஷன், வந்த சீட்டுக்கு மருந்தை எடுத்து நீட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை. "யாருக்கு, டிரைவருக்கா? தண்ணியா ஊத்துதா, கெட்டியா வருதா?" என்று கேட்டார். நீ அங்கிருந்து ஹாரன் அடித்தாய். "குனிஞ்சா வலிக்குதான்னு கேக்கணுமே. அவரையே ஒரு எட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

"வழக்கமா வர்றதுதாண்ணே. அவன் மூக்கப் பத்தி அவனவிட எனக்குத் தெரியும். எப்பவும் குடுக்கிறதக் குடுங்க."

கெட்டியா என்று அவர் கேட்டபோது அந்தத் துண்டு என் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அவர் உன்னைக் கூப்பிடுவார், வண்டி தாமதமாகும், டைம்கீப்பர் கத்துவார். இதெல்லாம்கூடச் சாக்குதான். உண்மைக் காரணம் திமிர். உன்னை எனக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும் என்ற திமிர். என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியத்தை அவர் நம்பி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதை உன் கையில் கொடுக்கும்போதும் "வழக்கமா வர்றதுதான்டா" என்றேன்.

மண்டை வலி தாங்காமல் அன்றைக்கு நீ அதை மதியமே போட்டாய். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. திருமங்கலம் தாண்டியதும் உன் தலை ஒரு முறை சாய்ந்து நிமிர்ந்தது. டிக்கெட் போடுவதை விட்டுவிட்டு என்ஜின் மூடிமேல் வந்து உட்கார்ந்து பேரையூர் வரைக்கும் உன்னிடம் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று கேட்டால் தெரியாது. உன் கண்ணிமையை மட்டும் பார்த்துக்கொண்டு வாயை ஆட்டினேன்.

வியாழக்கிழமை நீ ஒரு தும்மல்கூடப் போடவில்லை. கல்லுப்பட்டிப் பெரியவர், "என்னப்பா, இன்னிக்கு நூறும் இல்ல எரநூறும் இல்ல, கொணமாயிருச்சா?" என்றார். வண்டியே சந்தோஷப்பட்டது. நானும் உன் முதுகில் தட்டி, "பாத்தியா, மாத்திர கேட்டுருச்சு" என்றேன். நீ இடது கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தாய். மேல்பல் வரிசை வலிக்கிறது என்று கிராம்பை அடக்கியிருந்தாய். செருப்பு மாட்டக் குனிந்தபோது பல்லைக் கடித்தாய். தும்மல் நின்றதுதான் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாய். "என்னண்ணே, சினிமாவுக்கா" என்று கிண்டல் செய்தார்கள். நான் அதைக் கழற்றிப் பார்த்தேன். இடது கண் இமை சிவந்து தடித்துப் பாதி மூடியிருந்தது. கை பட்டதும் உடம்பு அனலாகக் கொதித்தது. "டேய், லீவப் போடு. வேற டிரைவர் கேக்குறேன்" என்றேன்.

"கண்ணு வீக்கம்னு மொதலாளி காதுக்குப் போனா அப்பறம் ஸ்டீரிங்கத் தொட விடுவாரா? ஒரு டிரிப்பு அடிச்சுட்டுப் போயிக் காட்டுறேன். நீயே தானடா சொன்ன, வழக்கமா வர்றதுதான்னு."

நான் படியில் ஏறி இரண்டு விசில் ஊதினேன். சட்டையைப் பிடித்து இறக்கியிருக்க வேண்டும்.

போகும்போது எப்படியோ போனோம். திரும்பும்போது திருநகரில் கூட்டம் ஏறியது. ஆபீசுக்குப் போகிறவர்கள், பசுமலைப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிற பிள்ளைகள், படி வரைக்கும் ஆள். திருப்பரங்குன்றம் தாண்டியதும் நீ என்னைக் கூப்பிட்டாய். நெரித்துக்கொண்டு வந்து உன் பக்கத்தில் குனிந்தேன். யாருக்கும் கேட்காமல், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாய்.

"மாப்ள, ரோடு ரெண்டாத் தெரியுதுடா."

"நிப்பாட்டு" என்றேன்.

"இங்க நிப்பாட்டுனா எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். எடது கண்ண மூடிக்கிறேன். இடப்பக்கம் மட்டும் நீ பாத்துச் சொல்லு. ஸ்டாண்டு வரைக்கும் போயிருவோம்."

நான் கேட்டேன் மாப்ள. உன் பேச்சைக் கேட்டேன். அறுபது உசுரை வைத்துக்கொண்டு, உனக்கு இடது கண்ணாக நின்றேன். "சைக்கிள் வருது, ஒதுங்காத. மாட்டு வண்டி, கொஞ்சம் வலத்த போ." நீ ஒற்றைக் கண்ணோடு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாய். உன் கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது. எனக்குப் பின்னால் ஒருத்தர் சில்லறை கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மைல் இருக்கும். பசுமலை ஏற்றத்தில் இடப்பக்கம் பிள்ளைகள் வரிசையாக ரோட்டோரம் போய்க்கொண்டிருந்தார்கள். வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் பக்கம் போகிறது, உனக்குத் தெரியவில்லை. "வலத்த, வலத்த" என்று கத்துகிறேன், குரலே வரவில்லை. விசிலை வாயில் வைத்து ஒரே ஊது ஊதினேன்.

உன் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. நீ நினைத்து மிதிக்கவில்லை. ஒன்பது வருஷம் என் விசிலுக்குப் பழகிய கால், அது பாட்டுக்கு மிதித்தது. நின்றவர்கள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தார்கள். வண்டியின் படிக்கட்டுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் இடையில் இரண்டு முழம் இருந்தது. "ஏன்டா ஊதுன?" என்று கேட்டாய். பிறகு ஸ்டீரிங்கின் மேல் கவிழ்ந்துகொண்டாய். சனங்கள் நம் இரண்டு பேரையும் வைத வசவை இப்போது எழுத முடியாது.

பெரியாஸ்பத்திரியில் பார்த்தது ஒரு லேடி டாக்டர். சின்ன வயசு. உன் இமையை விலக்கினார், கன்னத்தைத் தட்டினார், நீ அலறினாய். பிறகு கேட்ட முதல் கேள்வியிலேயே நான் திகைத்துப்போனேன்.

"எத்தனை நாளா கெட்ட வாடை வருது?"

"செவ்வாக்கெழமையில இருந்துங்க டாக்டர்" என்று நான்தான் முந்திக்கொண்டேன். "வண்டியில எலி செத்துக் கெடக்குன்னு தேடிக்கிட்டு இருக்கோம்."

"எலி இல்லப்பா. சீழ். அவர் மூக்குக்குள்ளேயே இருக்கு, அதான் அவருக்கு மட்டும் தெரியுது."

நீ கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்தாய். அந்த நிலைமையிலும் உனக்குச் சிரிப்பு வந்தது.

உன்னை உள்ளே கொண்டுபோன பிறகு அந்த அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். தும்மல், மாத்திரை, துண்டு, எல்லாம். கடையில் நான் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். "தும்மல், அரிப்பு, தண்ணியா ஒழுகுறது, ரெண்டு கண்ணும் சிவக்கிறது, இதெல்லாம் அலர்ஜி. தூசி ஒத்துக்காது, பூ ஒத்துக்காது. தொந்தரவுதான், ஆனா காய்ச்சல் வராது. இது வேற. சளி கொறஞ்ச மாதிரி இருந்து திரும்ப ஏறும். ஒரு பக்கமா வலிக்கும், குனிஞ்சா கனக்கும், மேல்பல்லு வலிக்கும், கெட்டியா வரும். மூக்குக்குப் பக்கத்து எலும்பறையில சீழ் கட்டுறது. நெறைய பேருக்குத் தானா ஆறிடும். சில பேருக்கு இப்படிக் கண்ணுக்குப் போயிடும். நடுவுல காகிதம் கனத்துக்குத்தான் எலும்பு."

"அந்த மாத்திரதான் கெடுத்துருச்சாங்க?"

"மாத்திரை கண்ணைக் கெடுக்கலை. நாளைக் கெடுத்துருச்சு. புதன்கிழமை வந்திருந்தா ஊசியோட போயிருக்கும்."

புதன்கிழமை. அவர் ஒன்றும் அறியாமல்தான் அந்தக் கிழமையைச் சொன்னார். தங்கச்சி அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "நீங்க விசில் ஊதுனதாலதாண்ணே உசுரோட வந்து சேந்தாரு" என்றாள். அவள் கைக்குள் என் கையை வைத்துக்கொண்டிருக்க எனக்குக் கூசியது.

மூக்கில் குத்திச் சீழை எடுத்தார்கள். வேளைக்கு ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது, வீக்கம் வடிந்தது, கண் திறந்தது. பார்வை மட்டும் வரவில்லை. டாக்டர் பென்லைட்டை ஆட்டி "தெரியுதா" என்று கேட்க, "தெரியுது" என்று நீ பொய் சொன்னாய். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அடுத்து கேட்டார். நீ வலது கண்ணையும் மூடிக்கொண்டாய். கட்டிலின் கால்மாட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒற்றைக் கண்ணோடு பஸ் ஓட்ட யார் விடுவார்கள்? முதலாளி உன்னைக் கைவிடவில்லை, ஸ்டாண்டில் டைம்கீப்பராக உட்கார வைத்தார். நம் வண்டியை வேறு ஒருத்தன் ஓட்டினான். நல்ல பையன்தான், தும்ம மாட்டான். வண்டி உறுமுகிற சத்தத்தைக் கேட்டே "கிளட்சு தேயுதுன்னு சொல்லுடா அவங்கிட்ட" என்று நீ உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வாய். உன் வலது கை அப்போது பெஞ்சு மேல் கியரைத் தேடும். அதைப் பார்க்காமல் நான் சில்லறை எண்ணுவதுபோல் பைக்குள் குனிந்துகொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வில்லாபுரம் வந்தேன். ஒரு வாரமும் தவறவில்லை. உன் பிள்ளைகள் என்னை மாமா என்று சுற்றி வந்தன. தங்கச்சி எனக்கென்று மீன் குழம்பு வைத்தாள். ஒவ்வொரு வாரமும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறி, சொல்லாமல் திரும்பினேன். பத்து வருஷம் இப்படி ஓடிவிட்டது. எண்பதுகள் முடியப்போகிற சமயம். ஒருநாள் நாம் இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். சொன்னேனா, கொட்டினேனா என்று தெரியவில்லை. கடைக்காரர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், துண்டு, எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. உன் கண்ணைக் கெடுத்தவன் நான்தான் என்றேன்.

நீ வெற்றிலை நரம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாய். நிறுத்தவில்லை.

"தெரியும் மாப்ள. கடைக்காரரு அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லிட்டாரு. பாவம், அழுதாரு மனுசன்."

பத்து வருஷமாகத் தெரிந்து வைத்துக்கொண்டா என்னோடு உட்கார்ந்து மீன் முள் எடுத்தாய்? எனக்குக் கோபம்கூட வந்தது. "தெரிஞ்சும் ஏன்டா ஒரு வார்த்த கேக்கல? நாலு அறை விட்டுருக்கலாமில்ல?"

"கேட்டா நீ வர்றத நிப்பாட்டிருவ."

சுண்ணாம்பைத் தடவி, மடித்து, வெற்றிலையை என்னிடம் நீட்டினாய். "கண்ணு போச்சு. ஒன்னையும் விட்டுட்டு நான் என்ன செய்ய? போட்டுக்க."

அன்றைக்கு நான் தலையை ஆட்டி, "போடா, அப்பிடியெல்லாம் நிப்பாட்டிருக்க மாட்டேன்" என்றேன். நீயும் சரி என்று விட்டுவிட்டாய். இத்தனை வருஷமாக அந்தப் பேச்சை உள்ளே வைத்துக்கொண்டு திரிகிறேன். உன்னை முழுக்கத் தெரியும் என்று கடையில் நின்று பீற்றிக்கொண்டவன் நான். நீ அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அன்றைக்கு நான் சொன்னது பொய். நீ கேட்டிருந்தால் நான் அதற்கப்புறம் வில்லாபுரம் பக்கமே வந்திருக்க மாட்டேன், மாப்ள.